பத்து மீட்டர் நீலக் கம்பி

கம்பியை வாங்கியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் மறைத்து வைத்திருந்து சொன்னது போல இருக்கும். மறைத்தது உண்மைதான் என்றாலும் உங்களிடம் மறைக்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை.

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடை. அம்மா போனில் சொன்னது ஆறு மீட்டர். எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு முன்னால் கட்டியிருந்த கொடிக்கயிறு மழையில் இற்றுப்போய், என்னுடைய வெள்ளைக் கோட்டையும் இழுத்துக்கொண்டு சேற்றில் விழுந்திருந்தது. "கயிறு வேணாம், கம்பியா வாங்கிட்டு வா. ஆறு மீட்டர் போதும்" என்றார். கடைக்காரர் மூன்று நிறம் காட்டினார். உள்ளே முறுக்கிய எஃகு, மேலே பிளாஸ்டிக் உறை. நான் நீலத்தைத் தேர்ந்தெடுத்தேன். அவர் அளந்துகொண்டிருக்கும்போது, கூட இருந்தால் நல்லதுதானே என்று பத்து மீட்டராக வெட்டச் சொன்னது என் சொந்த யோசனை. "துருப்பிடிக்காது, மாட்டக் கட்டினாலும் அறாது" என்று சொல்லி, முனைகள் பிரிந்துவிடாமல் இரண்டு பக்கமும் சிவப்பு டேப் சுற்றிக் கொடுத்தார். தெல்தோட்டை பஸ்ஸில் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். அதே பையில் ஸ்டெதஸ்கோப்பும், சுருக்குக் கம்பிகளால் காட்டு விலங்குகளுக்கு ஏற்படும் காயங்கள் பற்றிய விரிவுரைக் குறிப்பும் இருந்தன. வழியில் குறிப்பை எடுத்துப் படித்தேன். முக்கியமான இடங்களில் கோடும் போட்டேன்.

அப்போது நான் கால்நடை மருத்துவம் இறுதியாண்டு. அப்பா கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை, தீபாவளிக்கும் தேர்தலுக்கும் மட்டும் வீட்டுக்கு வருவார். அம்மா பகலில் தேயிலைக் கொழுந்து எடுப்பார், நாலு மணிக்குப் பிறகு லயத்துக்குக் கீழே பள்ளத்தில் இருக்கும் காய்கறித் தோட்டத்தில் போஞ்சியும் லீக்ஸும் பார்ப்பார். நான் படித்தது பாதி கொழுந்தில், பாதி போஞ்சியில். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. போஞ்சியைப் பன்றி தின்றால் எங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்பது தெரியாமல் மேலே படிக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இறுதியாண்டில் காட்டு விலங்குகளின் மருத்துவத்துக்கு நேரடிப் பயிற்சி உண்டு. கூண்டு விலங்கு வேறு. தன் பாட்டில் காட்டிலும் ஊரிலும் திரிகிற விலங்கை, அதன் விருப்பத்தைக் கேட்காமல் தூங்கவைத்து, வேலையை முடித்து, அது எழும்புவதற்குள் நாம் விலகிவிட வேண்டும். எங்கள் குழுவில் ஆறு பேர். பொறுப்பாக ஒரு மேடம். ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவேடு. அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி, வரிக்கு எதிரே மேடத்தின் கையெழுத்துக்கு ஒரு கட்டம். கட்டங்கள் நிறையாவிட்டால் பரீட்சைக்கு உட்கார முடியாது.

முதல் வாரம் வைக்கோல் அடைத்த சாக்கைச் சுட்டோம். ஊசித் துப்பாக்கி. திங்கட்கிழமை சாக்குக்கு யானை என்று பெயர், செவ்வாய்க்கிழமை அதே சாக்கு சிறுத்தை. நான் சிறுத்தையின் பின்தொடையில் ஏழு முறை சரியாகச் சுட்டேன். சாக்கு ஒவ்வொரு முறையும் அமைதியாகத் தூங்கியது. எனக்கு இந்தத் தொழில் நன்றாக வரும் என்று நினைத்தேன்.

இரண்டாம் வாரம் உண்மையான விலங்குகள் வந்தன. மடவளையில் ஒரு பலசரக்குக் கடையில் குரங்கொன்று இனிப்புப் போத்தலுக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டது. கூட்டம் கடையை விடக் கடைக்காரரைத்தான் அதிகம் நெருக்கியது. மேடம் என்னைப் பார்த்தார். "நீ தமிழ்தானே. நீ போய் அவர்களோடு பேசு" என்று சிங்களத்தில் சொன்னார். மற்ற ஐந்து பேரும் குரங்கைத் தூங்கவைத்துப் போத்தலைக் கழற்றினார்கள். நான் வாசலில் நின்று, கடைக்காரருக்கு ஊசியின் தன்மையை விளக்கிக்கொண்டிருந்தேன். "அது எழும்பி என்ட கடைக்குள்ளதானே மகள் திரும்ப வரும்?" என்று அவர் கேட்டார். வரும் என்றேன். வந்தது.

கடுகண்ணாவையில் கோழிக்கூட்டுக்குள் மலைப்பாம்பு. அந்த வீட்டுக்காரர்களும் தமிழ் பேசுகிறவர்கள். நான் மறுபடியும் வாசலில். மூன்றாம் வாரம் முடியும்போது குழுவில் எல்லாருடைய பதிவேடும் பாதி நிரம்பியிருந்தது. என்னுடையதில் ஒரேயொரு கையெழுத்து, 'பொதுமக்களுடன் தொடர்பாடல்' என்ற வரிக்கு எதிரே. அந்த வரியை மேடம் எனக்காகவே பேனாவால் எழுதிச் சேர்த்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது. ஐந்து வருடம் படித்தது ஒலிபெருக்கியாக இருப்பதற்கா என்று விடுதியில் தலையணையிடம் கேட்டேன்.

நாலாம் வாரம், வியாழக்கிழமை காலை, சிறுத்தை ஒன்று தேயிலை மலையில் கம்பியில் மாட்டிக்கொண்டு கிடப்பதாகத் தகவல் வந்தது. வேனில் ஏறிய பிறகுதான் மேடம் இடத்தைச் சொன்னார். தெல்தோட்டைப் பக்கம், எங்கள் தேயிலைத் தோட்டம், ஆறாம் நம்பர் மலை. என் வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிடம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் ஊரிலாவது என்னைத் தொட விடுவார்கள் என்று நினைத்தேன். அந்தக் கம்பி யாருடையது என்ற யோசனையே எனக்கு வரவில்லை. கம்பி வைக்கிறவர்கள் என்றால் குறிப்பில் வருகிற யாரோ ஒருவர், அவ்வளவுதான்.

மலையில் தோட்டமே நின்றது. கொழுந்துக் கூடையோடு பெண்கள், கையில் போனோடு ஆண்கள். சிறுத்தை தேயிலைச் செடிகளுக்கு நடுவில் ஒரு கானுக்குள் கிடந்தது. மழைத்தண்ணீர் ஓடுவதற்கு வெட்டிய கான். இடுப்பைச் சுற்றிக் கம்பி. கம்பியின் மறுமுனையில் ஒரு கொய்யாக் கட்டை. வைத்த இடத்திலிருந்து கட்டையைப் பிடுங்கி இழுத்துக்கொண்டு மேலே ஏறி வந்திருக்கிறது, கட்டை இரண்டு செடிகளுக்கு நடுவில் சிக்கியதும் நின்றுவிட்டது. யாராவது ஒரு அடி கிட்டே போனால் அது பாயும், பாய்ந்தால் கம்பி இன்னும் இறுகும். கூட்டத்தில் ஒரு அடி கிட்டே போகாதவர் யாருமில்லை.

மேடம் என்னைப் பார்த்தார். நான் அவர் சொல்வதற்கு முன்பே கூட்டத்தை நோக்கி நடந்தேன்.

கத்தினேன், கெஞ்சினேன். என்னைச் சின்னதிலிருந்து தெரிந்தவர்கள் என்பதால் யாரும் கேட்கவில்லை. "டாக்டரம்மா வந்துருச்சு" என்று ஒருவர் போனில் என்னைப் படம் பிடித்தார். கடைசியில் வேலைப் பதிவு பார்க்கிற கணக்கப்பிள்ளையிடம் போய், இவர்கள் மேலே ரோட்டுக்கு ஏறாவிட்டால் சிறுத்தை இங்கேயே சாகும் என்றேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரெண்டு நிமிசத்துல ரோட்டுக்கு ஏறாதவங்களுக்கு இன்னைக்கு அரைப் பேருதான்" என்றார். அரைப் பேர் என்றால் முழுநாள் வேலை செய்தாலும் பாதி நாள்தான் பதிவாகும். மலை காலியானது. ஐந்து வருடத்தில் எந்த விரிவுரையிலும் சொல்லிக்கொடுக்காத மருந்து அது.

மேடம் ஊசியை அளந்துகொண்டிருந்தபோது அம்மா வந்தார். அரைப் பேருக்குப் பயப்படாதவர் அவர் ஒருவர்தான், மகள் அங்கே வேலை செய்கிறாளே. கையில் பெரிய ஃபிளாஸ்க், பிளாஸ்டிக் பைக்குள் கப்புகள். எங்கள் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். "டீச்சரம்மாவுக்குச் சீனி போதுமான்னு கேளு" என்றார். கேட்டேன். மேடம் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எனக்குச் சீனி வியாதி, அம்மாவிடம் சொல்லாதே" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு முழுக் கப்பையும் குடித்தார். போதுமாம் என்று அம்மாவிடம் மொழிபெயர்த்தேன். அம்மாவுக்கு முகம் நிறைந்துவிட்டது.

ஊசி சரியான இடத்தில் பட்டது. பத்து நிமிடம் காத்திருந்தோம். தலை சாய்ந்தது. ஒருவன் கண்களைத் துணியால் மூடினான், ஒருத்தி மூச்சை எண்ணினாள், இன்னொருத்தி சேலைன் ஏற்ற நரம்பு தேடினாள். நான் பழக்கதோஷத்தில் ரோட்டைப் பார்த்து நின்றேன். மேடம் என்னைக் கூப்பிட்டார். கம்பி இடுப்புத் தோலுக்குள் புதைந்திருந்தது, அடியில் கட்டரை நுழைக்க வேண்டும், குழுவில் சின்னக் கை என்னுடையது.

அதற்காகத்தான் நாலு வாரம் காத்திருந்தேன். மண்டியிட்டு உட்கார்ந்தேன். பெண் சிறுத்தை, இரண்டு வயது இருக்கும். வயிற்றில் கை வைத்தபோது சூடாக இருந்தது, எதிர்பார்த்ததைவிட மெலிந்தும் இருந்தது. சேலைன் ஊற்றி இரத்தத்தையும் சேற்றையும் கழுவினேன். நீலம் தெரிந்தது.

நீலக் கம்பி கண்டியில் எத்தனையோ பேர் வாங்குவார்கள் என்று சொல்லிக்கொண்டேன். கட்டரை நுழைத்து அழுத்தினேன். அறவில்லை. கடைக்காரர் உண்மையைத்தான் சொல்லியிருந்தார். மூன்றாம் தடவை இரண்டு கையாலும் அழுத்தியதில் அறுந்தது. உருவி எடுத்தேன். துரு ஒரு புள்ளிகூட இல்லை. கொய்யாக் கட்டையில் கட்டியிருந்த முனையில் சிவப்பு டேப் இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். அம்மா கானுக்கு மேலே கப்புகளைச் சேர்த்துக்கொண்டு நின்றார். கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, மேடம் குடித்த கப்பையும் எடுத்துப் பைக்குள் போட்டார். ரோட்டுக்கு ஏறிப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் இருந்தது, அது யார் மேல் என்று பிடிபடவில்லை. அம்மா மேலா, பன்றி மேலா, ஆறு மீட்டர் கேட்டால் பத்து மீட்டர் வாங்குகிற புத்தியின் மேலா?

எங்களோடு வந்திருந்த வனவிலங்கு அதிகாரிகள் கூட்டத்திடம் கம்பி வைத்தது யார் என்று விசாரிக்கச் சொன்னார்கள். விசாரித்தது நான்தான், வேறு யார்? "அது பக்கத்துத் தோட்டத்து ஆளுங்க வேலையா இருக்குங்க" என்றார் கணக்கப்பிள்ளை. எல்லாரும் தலையாட்டினார்கள். பக்கத்துத் தோட்டத்தில் கேட்டிருந்தால் அவர்கள் எங்களைச் சொல்லியிருப்பார்கள். நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சிங்களத்தில் மொழிபெயர்த்தேன். என் மொழிபெயர்ப்பை யாரும் குறை சொன்னதில்லை.

அதிகாரிகளின் படிவத்தையும் நானே நிரப்பினேன். கம்பியின் வகை: பிளாஸ்டிக் உறையிட்ட எஃகு. நிறம்: நீலம். நீளம்: நாலு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. வைத்தவர்: தெரியவில்லை. என் கையெழுத்து எப்போதும் அழகாக இருக்கும். அன்றும் இருந்தது.

சிறுத்தையைச் சிகிச்சைக்குக் கொண்டுபோனோம். முதல் நாள் தலை தூக்கியது. இரண்டாம் நாள் தண்ணீர் குடித்தது, சிறுநீர் மட்டும் வரவில்லை. நசுங்கிய தசையிலிருந்து கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று குறிப்பில் இருக்கிறது. பஸ்ஸில் கோடு போட்ட இடம் அதுதான். அந்த இரண்டு நாளும் என் முறை இல்லாதபோதும் நான் கூண்டுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். மேடம் என் ஆர்வத்தை மற்றவர்கள் முன்னால் பாராட்டினார். மூன்றாம் நாள் காலை அது செத்திருந்தது.

பிரேத பரிசோதனையில் வயிற்றைத் திறந்தது நான். சின்னக் கை என்று மறுபடியும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். முடிந்ததும் மேடம் பதிவேட்டை வாங்கி, சிகிச்சைக் கண்காணிப்பு, சுருக்கு அகற்றல், பிரேத பரிசோதனை என்று மூன்று கட்டத்திலும் கையெழுத்துப் போட்டார். ஒரே விலங்கில் மூன்று கையெழுத்து குழுவில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. இரண்டு பேர் வாழ்த்துச் சொன்னார்கள். நன்றி என்றேன்.

அன்று மாலை அம்மா போன் பண்ணினார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. "அது எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லாருக்கும்மா. தண்ணி குடிக்குது."

"சரி" என்று வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க மூன்று காரணம் யோசித்து வைத்திருந்தேன், மூன்றும் எனக்கே நம்பும்படியாக இல்லை. லயத்தை நெருங்கும்போது அம்மாவின் சேலைகளும் என் பழைய பாவாடையும் ஓரத்துத் தேயிலைச் செடிகளின் மேல் விரித்துக் கிடந்தன. லயத்து மூலையிலிருந்து கொய்யா மரம் வரைக்கும் வெறும் காற்று.

"கொடி எங்கம்மா?"

"கழட்டிட்டேன். உக்காரு, சாப்பிடு."

சாப்பிட்டேன். போஞ்சிக் கறி. பன்றி தின்றது போக மிச்சம் என்று அம்மா சொல்லவில்லை, எனக்கும் தெரிந்துதான் இருந்தது. கை கழுவிவிட்டு வந்தபோது, அலுமாரிக்குள்ளிருந்து பத்திரிகையில் சுற்றிய பொதியை எடுத்துக் கதிரையில் வைத்தார். பிரித்தேன். நீலக் கம்பி, ஒழுங்காக வளையமாகச் சுற்றி, நூலால் கட்டி. ஒரு முனையில் சிவப்பு டேப், மறுமுனையில் கத்தியால் பல தடவை கொத்தி அறுத்த தழும்பு.

"செத்துப்போனது அன்னைக்கே தெரியும்" என்றார். "எல்லார் போன்லயும் வந்துச்சு. நீ நல்லாருக்குன்னு சொன்ன. சரி, ஒனக்குச் சொல்ல வாய் வரலன்னு விட்டுட்டேன்."

நான் கம்பியில் கட்டியிருந்த நூல் முடிச்சைத் திருகிக்கொண்டிருந்தேன். கூட்டத்தோடு பேசுவதற்கென்றே பயிற்சி பெற்றவள்.

"பன்னிக்குத்தான் வச்சேன். கொடி கட்டினது போக மிஞ்சிக் கெடந்துச்சு. மலையில பாக்குறதுக்கு முந்தி ரெண்டு நாளா காணோம். யாரோ களவாண்டுட்டாங்கன்னு நெனச்சு ஏசிக்கிட்டுத் திரிஞ்சேன்." பொதி சுற்றியிருந்த பத்திரிகையை நாலாக மடித்தார். "அந்தப் பேப்பர்ல என்னா எழுதின?"

"யாரு வச்சாங்கன்னு தெரியலன்னு எழுதினேன்."

"ஒனக்குத் தெரியலையா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்பில் நான் கணக்குத் தப்பாகப் போட்டபோது, அவருக்கே விடை தெரியாமல், சரிதானா என்று ஒருமுறை பார் என்பாரே, அந்தக் குரல்தான். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அழுதுகொண்டே, போலீஸ் வரும், கோர்ட்டுக்குப் போக வேண்டும், ஜெயிலில்கூடப் போடுவார்கள், அப்பாவுக்கு யார் சொல்வது, எனக்குப் படிப்பு முடிய இன்னும் நாலு மாதம்தான், யாருக்கும் தெரியாது, பேசாமல் இரும்மா என்று சொன்னேன். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டார். முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்.

"நீ அங்க தெனம் அந்த டீச்சரம்மா மொகத்தப் பாக்கணுமே" என்றார். "நானுந்தான் அந்தப் பொம்பளைக்குத் தேத்தண்ணி குடுத்தேன். நாளைக்கு நானும் வர்றேன். கணக்கப்பிள்ளைகிட்ட லீவு சொல்லிட்டேன். இதையும் எடுத்துட்டுப் போவோம். அதோட சேத்து அளந்தா பத்து மீட்டர் வரும்ல?"

வரும் என்றேன்.

திங்கட்கிழமை காலை முதல் பஸ். அம்மா கல்யாணத்துக்குப் போகிற சேலை கட்டியிருந்தார். வழியில் இரண்டு பேர் எங்கே விசேஷம் என்று கேட்டார்கள், கண்டிக்கு என்று மட்டும் சொன்னார். கம்பி என் பைக்குள், ஸ்டெதஸ்கோப்புக்குப் பக்கத்தில் இருந்தது. என் மடியில் பதிவேடு. மூன்று கையெழுத்தும் இருந்த பக்கத்தை நான் திறந்து திறந்து பார்த்தேன். மேடத்திடம் முதலில் எதைச் சொல்வது, நான் வாங்கியதையா, அம்மா வைத்ததையா, நான் மறைத்ததையா என்று மனதுக்குள் சிங்களத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எந்த வரிசையில் சொன்னாலும் மொழிபெயர்க்கப் போவது நான்தான்.

அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மடியில் ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். பஸ் நிலையத்துக்குள் திரும்பும்போது காலடியில் இருந்த பையைத் திறந்து, துணியில் சுற்றிய சின்னப் போத்தல் ஒன்றைக் காட்டினார்.

"இது டீச்சரம்மாவுக்குத் தனியா" என்றார். "அன்னைக்குக் கஷ்டப்பட்டுக் குடிச்சாங்க, பாத்தேன். இதுல சீனி போடல."